ஒரு கதவு, ஒரு கடை, ஒரு வகை

கத்தி அக்கா கடைக்கு வருகிற யாருக்கும் வணக்கம் சொன்னதில்லை. "தலையோடவா, தலை இல்லாமலா?" என்பதுதான் அவளுடைய வரவேற்பு. தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் முதல்முறை கேட்கும்போது தங்கள் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். அப்புறம் பழகிவிடும்.

கடை ஒன்றுதான், உள்ளே தொழில் இரண்டு. நுழைந்ததும் இடது பக்கம் அக்காவின் ராஜ்ஜியம்: பனிக்கட்டி பரப்பிய தட்டுகள், சரிவான எவர்சில்வர் மேசை, உயிருள்ள மீன்கள் நீந்தும் நீல பிளாஸ்டிக் தொட்டி, அளவுக்கொரு கத்தி. வலது பக்கம் அவள் புருஷனின் ராஜ்ஜியம்: கூரை வரை அடுக்கிய கண்ணாடித் தொட்டிகள், விளக்குகள், வண்ணக் கூழாங்கற்கள், நாள் முழுக்கக் கொப்பளிக்கும் காற்று பம்புகள். அவர் விற்பது வளர்க்கும் மீன். மனிதரைவிட அவருடைய பம்புகள் அதிகம் பேசியதால் தெரு அவருக்குக் குமிழியார் என்று பேர் வைத்துவிட்டது.

கடையின் இடது பக்கத்தில் மீன் செத்தால் வியாபாரம். வலது பக்கத்தில் செத்தால் துக்கம். குமிழியார் அன்று மதியம் சாப்பிடமாட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷம் ஒரே கதவு வழியாகப் போய்வந்தும் இருவருக்கும் பெரிய சண்டை வராததற்கு ஒரே காரணம்தான்: அவர் இடது பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

அந்த நிம்மதியில் மண்ணைப் போட்டது ஒரு கார்டு மெஷின்.

மெஷின் கேட்டு விண்ணப்பித்ததே அக்காதான். ஆனால் வங்கியிலிருந்து ஃபோன் வந்தபோது அவள் கை முழுக்கச் செதில். எடுத்தவர் குமிழியார். "என்ன விக்கறீங்க சார்?" என்று கேட்டார்கள். "மீன்" என்றார். "வளர்க்கற மீனா, சாப்பிடற மீனா?" என்று கேட்டார்கள். சாப்பிடற மீன் என்ற சொற்றொடரையே அவர் காதால் தாங்கமாட்டார். "வளர்க்கற மீன்தான்" என்றார், ஒரு மாதிரி பதறிப்போய். வங்கி எழுதிக்கொண்டது. செல்லப்பிராணிக் கடை.

கார்டு வாங்கும் ஒவ்வொரு கடைக்கும் வங்கி நாலு இலக்கத்தில் ஒரு வகை எண் கொடுக்கிறது. டோப்பா விற்கிறவருக்குத் தனி எண் உண்டு. பழைய நாணயம் விற்கிறவருக்கு உண்டு. கடைக்காரருக்குத் தன் எண் தெரிய வேண்டிய அவசியமில்லை. மெஷினுக்குத் தெரிந்தால் போதும். கத்தி அக்காவுக்கும் தெரியாமலே இருந்திருக்கும், எதிரே பெரிய அலுவலகக் கட்டடம் மட்டும் வராமல் இருந்திருந்தால்.

அந்த அலுவலகம் தன் ஊழியர்களுக்குச் சம்பளத்தோடு ஒரு சாப்பாட்டு கார்டும் கொடுத்தது. அதில் போடுகிற பணத்தில் சாப்பிடும் பொருள் மட்டும்தான் வாங்கலாம். சாயங்காலம் வேலை விட்டதும் ஒரு கூட்டமே தெருவைத் தாண்டி அக்கா கடைக்கு வந்தது. அக்காவுக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. முதலில் நின்றது கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் பெண். தலை இல்லாமல் வாங்கினாள். கார்டைத் தேய்த்தாள். மெஷின் ஒரு முறை முனகி, 'மறுக்கப்பட்டது' என்று காட்டியது.

"இன்னொரு தடவை தேய்ம்மா."

மறுக்கப்பட்டது.

"சேலையில துடைச்சிட்டுத் தேய்."

துடைத்தாள். அப்போதும் மறுக்கப்பட்டது. வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக முயன்று ஒவ்வொருவராகத் தோற்றார்கள். வெட்டி வைத்த மீன்கள் மேசை மேல் அனாதையாகக் கிடந்தன. கணக்குப் பிரிவுப் பெண் தன் கார்டு கம்பெனிக்கு ஃபோன் போட்டுக் கேட்டுவிட்டு அக்காவை விசித்திரமாகப் பார்த்தாள்.

"அக்கா, இது செல்லப்பிராணிக் கடைன்னு வருதாம்."

"செல்லப்பிராணியா? இப்பதான் உன் கண்ணு முன்னால தலைய எடுத்தேன். இதுல என்னடி செல்லம்?"

"எனக்குத் தெரியுதுக்கா. மெஷினுக்குத் தெரியலையே."

அந்த வாரம் முழுக்க இதே கதை. வெள்ளிக்கிழமை அந்தப் பெண் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னாள். "அடுத்த தெரு சூப்பர் மார்க்கெட்ல இந்தக் கார்ட எடுக்கறாங்கக்கா. எல்லாரும் அங்கயே போயிடலாம்னு பேசிக்கறாங்க. எனக்கும் பிடிக்கல, அங்க மீன் ரப்பர் மாதிரி இருக்கு. ஆனா கையில இருக்கிறது இந்தக் கார்டுதானே."

அக்கா மனசுக்குள் கணக்குப் போட்டாள். சாயங்காலக் கூட்டம் போய்விட்டால் தினமும் இறக்கும் பனிக்கட்டிக்குக்கூடக் கட்டாது. இடது பக்கத்தை மூட வேண்டியதுதான். மூடினால் அந்த இடத்தில் என்ன வரும் என்பதும் அவளுக்குத் தெரியும். இன்னும் நாலு வரிசை கண்ணாடித் தொட்டி வரும். நடுவில் அவள் உட்கார்ந்து பம்பு சத்தம் கேட்க வேண்டும்.

வங்கிக்கு ஃபோன் செய்தாள். ஒன்றை அழுத்து என்றது, அழுத்தினாள். மூன்றை அழுத்து என்றது, அதையும் அழுத்தினாள். பிறகு ஒரு புல்லாங்குழல் வாசித்தது. மீன் மூன்றைச் சுத்தம் செய்து முடிக்கும்வரை வாசித்தது.

"காத்திருந்த உங்கள் பொறுமைக்கு நன்றி மேடம்" என்றது ஒரு பெண் குரல்.

"என் பொறுமையை நீ இன்னும் பார்க்கலம்மா. இப்பதான் வெளியே எடுக்கறேன். எங்க கடையில ரெண்டு தொழில் நடக்குது. எனக்கு ஒரு மெஷின், அவருக்கு ஒரு மெஷின் குடுத்துடுங்க, தீர்ந்துது."

"கடைக்கு எத்தனை கதவு மேடம்?"

அக்கா மீனிலிருந்து கையை எடுத்தாள். "கதவா?"

"ஆமா மேடம். ஒரு கதவு இருந்தா ஒரு கடை. ஒரு கடைக்கு ஒரு வகை. தெருவுலேர்ந்து உள்ள வர ரெண்டு கதவு இருந்தா ரெண்டு கடையா எடுத்துக்கலாம். ஒரே கதவுன்னா எது அதிகமா விக்குதோ அந்த வகை."

அக்கா திரும்பி வலது பக்கத்து முன்சுவரைப் பார்த்தாள். தெருவைப் பார்த்து அங்கே ஒரு அகலமான ஜன்னல் இருந்தது. அதைக் கீழே வரை இடித்தால் கதவு. ஆனால் அந்த ஜன்னலை அடைத்துக்கொண்டுதான் கடையிலேயே பெரிய தொட்டி நின்றது. அதற்குள்தான் மேனேஜர் இருந்தார்.

மேனேஜர் ஒரு மீன். தட்டு அளவு உடம்பு, தொங்கிய கன்னம், ஆரஞ்சு நிறம். நாள் முழுக்க எந்த வேலையும் செய்யாமல் கண்ணாடிக்குப் பின்னால் நின்று எல்லாரையும் முறைத்துக்கொண்டிருந்ததால் அந்தப் பேர். விற்பனைக்கில்லை. கல்யாணத்துக்கு முன்பே குமிழியாரோடு இருந்தவர் என்பதால் இந்த வீட்டில் அவர்தான் மூத்தவர்.

"என்னங்க, அந்தத் தொட்டிய மட்டும் கொஞ்சம் நகர்த்தினா..."

"செத்துடுவான்" என்றார் குமிழியார். "அதிர்ச்சியிலயே போயிடுவான். வேத்துக் கை பட்டா தாங்கமாட்டான். என் கை பட்டாலே ஒரு நாள் பூரா மூலையில போய் நிப்பான்."

"நான் இங்க கடைய மூடற நிலைமையில இருக்கேன்."

"வேற வழி பாரு. ஏற்கனவே அவனுக்கு உடம்பு சரியில்ல. ஊதிட்டே போறான். நான் அளந்துதான் போடறேன், எப்படி ஊதறான்னே புரியல."

அக்கா அந்த விஷயத்தில் ஏனோ வாயைத் திறக்கவில்லை.

வேறு வழி என்றால் வகையை மாற்றுவதுதான். மாற்றினாள். அதற்காக வங்கி கேட்ட படங்களையெல்லாம் அனுப்பினாள். பனிக்கட்டியோடு மீன், கத்தியோடு மீன், தலையோடு, தலை இல்லாமல். அலுத்துப்போய்க் கடைசியில் வெறும் தலைகளை மட்டும் வரிசையாக அடுக்கி ஒரு படம் அனுப்பினாள். மறுநாளே மாற்றிவிட்டார்கள். உணவுப் பொருள் கடை.

சாயங்காலம் கணக்குப் பிரிவுப் பெண் கார்டைத் தேய்த்தாள். மெஷின் சீட்டைத் துப்பியது. வரிசை கைதட்டியது. அக்கா வலது பக்கம் பார்த்து, "இப்ப யாரு கடை?" என்றாள். குமிழியார் ஒரு தொட்டிக்குள் கையை விட்டுப் பாசியைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்தார்.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். நியாயமான உலகமாக இருந்தால் முடிந்திருக்கும்.

சாப்பாட்டு கார்டில் செலவழியாத பணம் மாதம் முடிந்தால் காலாவதியாகிவிடும். மாசக் கடைசியில் அலுவலகத்துக்காரர்கள் மீதத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கடைக்குள் நின்று சுற்றுமுற்றும் பார்த்தார்கள். மெஷின் ஒன்றுதான். அதற்கு இந்தக் கடையில் இருப்பதெல்லாம் உணவு. கணக்குப் பிரிவுப் பெண்தான் முதலில் ஒரு தங்கமீனைக் காட்டி, "இதையும் இந்தக் கார்டுல போடலாமா?" என்றாள். போட்டார்கள். மெஷின் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டது.

அவ்வளவுதான், அலுவலகம் வலது பக்கம் பாய்ந்தது. தங்கமீன் போனது, தொட்டி போனது, பம்பு போனது, கூழாங்கல் கிலோக் கணக்கில் போனது. சட்னி அரைக்கக்கூட உதவாத கற்களைச் சாப்பாட்டுக் கணக்கில் மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். வாழ்நாளில் முதல்முறையாகக் குமிழியாருக்குப் பேச்சு வந்தது. வாடிக்கையாளருக்குத் தண்ணீரின் காரத்தன்மையை விளக்கினார். சாப்பிடும்போது விளக்கினார். தூக்கத்திலும் இரண்டு வார்த்தை விளக்கினார். அக்காவின் வரிசையில் நிற்பவர்கள் கையில் தங்கமீன் பையோடு நின்றார்கள், அவள் பழக்கதோஷத்தில் ஒருத்தியிடம் பையைக் காட்டி, "தலையோடவா, தலை இல்லாமலா?" என்று கேட்டுவிட, அந்தப் பெண் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

"பாத்தியா" என்றார் குமிழியார். "உன் கடைன்னு எழுதின அப்புறம்தான் என் கடை ஓடுது."

கத்தியைத் தீட்டுவது நல்ல வடிகால். அக்கா அன்று எல்லாக் கத்தியையும் தீட்டினாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லெட்டுமாக ஓர் இளைஞர் வந்து நின்றார். வங்கியின் சரிபார்ப்பு அதிகாரி. ஒல்லியான ஆள்; சிரிப்பதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும் என்பதுபோன்ற முகம்.

"சாப்பாட்டு கார்டு கம்பெனியிலேர்ந்து ஒரு கேள்வி வந்திருக்கு மேடம். பில்லுப்படி ஒரே வாரத்துல ஒரு ஆள் இந்தக் கடையில எழுபது கிலோ சாப்பிட்டிருக்கார்."

"கூழாங்கல்லு" என்றார் குமிழியார் பெருமையாக. அக்கா அவர் காலை மிதித்தாள். தாமதம்.

அதிகாரி வலது பக்கம் போனார். ஒரு பம்பைக் காட்டினார். "இது சாப்பிடறதா?"

"இல்ல."

"இது?"

"அது பாசி. சாப்பிடலாம். மீன் சாப்பிடும்."

"இந்த டப்பா?"

"அது சாப்பாடுதான்" என்றார் குமிழியார் உற்சாகமாக. "மீனுக்கு."

டப்பாவின் மேல் 'உணவு' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. அதிகாரி அதை நெடுநேரம் படித்தார். பிறகு டேப்லெட்டில் ஏதோ தட்டினார். "விதிப்படி எது அதிகமா விக்குதோ அதுதான் வகை. போன மாசம் வளர்ப்பு மீன் பக்கம்தான் அதிகம். மறுபடி செல்லப்பிராணிக் கடைன்னு மாத்தணும்."

அக்கா மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். "தம்பி, நில்லுங்க. அப்படி மாத்தினா சாப்பாட்டு கார்டு வேலை செய்யாது."

"செய்யாது."

"கார்டு இல்லன்னா யாரும் இவர்கிட்ட கல்லு வாங்க மாட்டாங்க. சும்மா போற காசுங்கறதாலதான் வாங்கறாங்க."

"இருக்கலாம்."

"அப்ப ரெண்டாவது மாசமே என் பக்கம்தான் அதிகமா விக்கும்."

அதிகாரி யோசித்தார். "ஆமா. அப்ப வந்து உணவுன்னு மாத்துவேன்."

"உணவுன்னு மாத்தினா மறுபடி கல்லு விக்கும்!"

"அப்ப மறுபடி வருவேன்." முகத்தில் ஒரு சுளிப்பில்லை. "எனக்கு இந்தப் பகுதிதான் மேடம்."

"அப்ப நான் ஒரு மாசம் மனுஷங்களுக்கும் ஒரு மாசம் பூனைங்களுக்கும் வியாபாரம் பண்றதா? ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளைங்க சூப்பர் மார்க்கெட்டுக்கும் இங்கயுமா அலைவாங்களா? ஒரு தடவை போனா போனதுதான் தம்பி, திரும்பி வரமாட்டாங்க!"

"ஒரு கதவு, ஒரு கடை, ஒரு வகை" என்றார் அதிகாரி. அவருக்கே கொஞ்சம் வருத்தமாக இருந்தது போலிருந்தது, ஆனால் அது அவருடைய வகையில் வராது.

அக்கா மூச்சை இழுத்து விட்டாள். அவள் பொறுமை அங்கே, அந்தக் கூழாங்கல் மூட்டைக்குப் பக்கத்தில், தீர்ந்துபோனது.

"தம்பி, ஒரு சந்தேகம். இந்தக் கடையில இருக்கிற எல்லா மீனும் சாப்பிடற மீன்தான்னா?"

"எல்லாமேன்னா, சந்தேகமே இல்ல. உணவுக் கடைதான்."

"பம்பு?"

"சாப்பிடற மீனை உயிரோட வெச்சுக்க. உங்க நீலத் தொட்டியிலயும் ஒண்ணு ஓடுதே."

"அது போதும்." அவள் ஆணியிலிருந்து வலையை எடுத்தாள். இன்னொரு கையில் நடுக் கத்தி ஏற்கனவே இருந்தது. நேராகப் பெரிய தொட்டிக்குப் போய் மூடியைத் தூக்கினாள். "சொல்லுங்க, தலையோடவா, தலை இல்லாமலா?"

"ஏய்!" குமிழியாரின் குரல் தொட்டிகளில் எல்லாம் பட்டுத் திரும்பியது. "என்ன பண்ற? அவனுக்குக் காது கேக்கும்!"

"ஒரு மீனு. கடைக்காக ஒரு மீனு. நான் இத்தனை வருஷம் தினம் வெட்டறேன், ஒரு நாள் நீங்க அழுதீங்களா?"

வெட்டுவாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கோபம் கையை அவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்டது; மீதியைக் கையே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டாள். வலையைத் தண்ணீரில் இறக்கினாள். மீன் மூலைக்கு ஓடும், துரத்த வேண்டியிருக்கும், அதற்குள் யாராவது தடுத்துவிடுவார்கள் என்று ஒரு நப்பாசை.

மேனேஜர் ஓடவில்லை. கனத்த உடம்பைத் திருப்பிக்கொண்டு ஆடி அசைந்து மேலே வந்தார். வலைக்குள் தானாகப் புகுந்தார். வாயைத் தண்ணீருக்கு மேலே நீட்டி அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாகச் சப்பிப் பார்த்தார், வழக்கமாக அதில் இருப்பது இன்றைக்கு எங்கே என்பதுபோல.

கடையில் பம்புகள் மட்டும் பேசின.

"நீதானா?" என்றார் குமிழியார்.

அக்கா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன ஊத வெச்சது நீதானா? நான் மருந்து மாத்தி மாத்திப் போட்டுட்டு இருக்கேன்!"

"கடை சாத்தும்போது மீதி விழும். தூக்கிப் போடறதுக்கு அதுகிட்ட போடலாமேன்னு..." அவளுக்குக் கோபம் இன்னும் போகவில்லை, போக இடமும் தெரியவில்லை. "முறைச்சுட்டே நிக்குதுங்க. என்ன பண்ணச் சொல்றீங்க? பசிச்சவன் மாதிரி முறைக்குது."

"மீனுக்கு மீனையா போட்ட?"

"கேட்டுச்சு, போட்டேன்."

குமிழியார் வலைக்குள் கிடந்த மேனேஜரைப் பார்த்தார். தன் கை பட்டாலே ஒரு நாள் முழுக்க மூலையில் நிற்கிறவன், இவள் கையில் சாய்வு நாற்காலியில் கிடப்பதுபோல் கிடந்தான். அதைப் பார்க்க அவருக்கு நன்றாக வலித்தது. அக்காவுக்கும் அது தெரிந்தது.

"தம்பி" என்றார் கடைசியில், அதிகாரியைப் பார்க்காமலே. "கதவுக்கு அகலம் எவ்வளவு இருக்கணும்?"

"ஆள் நுழையற அளவு சார்."

"உன் கையில வர்றான்" என்றார் மனைவியிடம். "நீயே தூக்கி மாத்து. என்னால முடியாது. சுவத்த நான் இடிச்சுக்கறேன்."

ஜன்னல் இருந்த இடத்தில் ஒரு கதவு வந்தது. கடைக்கு நடுவே பலகைத் தடுப்பு ஒன்று எழும்பியது. மேனேஜர் அக்காவின் வலையில் ஏறி, பின்சுவர் ஓரத்துப் புதிய இடத்துக்குக் குடிபோனார். அதிர்ச்சி ஒன்றும் அடையவில்லை. அங்கிருந்து இரண்டு கடைகளும் தெரிந்ததால் இரட்டிப்பாக முறைத்தார். தடுப்பில் அந்த இடத்தில் மட்டும் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை விட வேண்டியிருந்தது. எதற்கென்று அதிகாரி கேட்டபோது காற்றோட்டம் என்றார் குமிழியார். மீதித் துண்டுகளின் அளவை இப்போது அவர்தான் நிர்ணயித்தார். அதில் அக்காவுக்குத் தினமும் ஒரு சண்டை.

இரண்டாவது மெஷின் வந்த அன்று அதிகாரியே நேரில் வந்தார். ஒவ்வொரு மெஷினிலும் ஒரு சோதனை செய்து காட்ட வேண்டுமாம். முதலில் வலது கதவு வழியாகப் போனார், ஒரு பொட்டலம் கூழாங்கல்லை எடுத்துவைத்து, வங்கி தனக்குக் கொடுத்திருந்த சாப்பாட்டு கார்டைத் தேய்த்தார்.

மறுக்கப்பட்டது.

அக்கா தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அந்தச் சொல்லைப் பார்த்து அவள் சிரித்தது அதுதான் முதல்முறை. "இன்னொரு தடவை தேய்ங்க தம்பி."

மறுக்கப்பட்டது.

"சரியா இருக்கு" என்றார் அதிகாரி. வெளியே போய், தெருவில் நாலடி நடந்து, இடது கதவு வழியாக உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் கணக்குப் பிரிவுப் பெண்ணும் சாயங்காலக் கூட்டமும் வரிசை கட்டி நின்றார்கள். மேசையில் முதலாவதாகக் கிடந்த மீனைக் காட்டினார். கார்டைத் தேய்த்தார். மெஷின் சீட்டைத் துப்பியது.

"சோதனை முடிஞ்சுது மேடம். ரெண்டு கடை, ரெண்டு வகை." கிளம்பப் பார்த்தார்.

"மீனு?"

"ஐயோ, வேண்டாம். நான் தனியா ரூம்ல இருக்கேன். அடுப்பே கிடையாது."

"காசு எடுத்தாச்சு, சீட்டு வந்தாச்சு. பொருள் போகாம இருந்தா நாளைக்கு அதுக்கு ஒரு ஆள் சரிபார்க்க வருவாரு. பின்னால எத்தனை பேர் நிக்கறாங்க பாருங்க." அக்கா கத்தியை எடுத்தாள். "தலையோடவா, தலை இல்லாமலா?"

அதிகாரி டேப்லெட்டைப் பார்த்தார். மேலிருந்து கீழே வரை தள்ளிப் பார்த்தார்.

"எது அதிகமா விக்குதோ," என்றார், "அதுவே குடுங்க."